அமெரிக்காவில் ப்ரீஸ்கூல் ஆசிரியராக: சிடிஏ சான்றிதழ் வாங்கும் வழி

அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக விரும்பும் நம்மவர்களில் நிறையப் பேர் முதலில் கேட்பது, "நான் பி.எட். படிக்கவில்லையே, என்னை எடுப்பார்களா?" என்றுதான். தனியார் ப்ரீஸ்கூலிலும் டேகேரிலும் நுழைய பி.எட். யாரும் கேட்பதில்லை. அங்கே மதிப்புள்ள முதல் சான்றிதழ் சிடிஏ. முழுப்பெயர் சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட். 1971இல் மத்திய அரசின் முயற்சியாகத் தொடங்கி, 1975இல் முதல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 1985 முதல் வாஷிங்டனில் இருக்கும் கவுன்சில் ஃபார் புரொஃபஷனல் ரெகக்னிஷன் என்ற அமைப்பு இதை நடத்திவருகிறது. நாடு முழுக்க ஒரே சான்றிதழ் என்பதால், டெக்சாஸில் வாங்கிவிட்டு நியூ ஜெர்சிக்குக் குடிபோனாலும் கூடவே வரும்.

பட்டப்படிப்பு தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், 120 மணி நேரப் பயிற்சி வேண்டும், 480 மணி நேரம் குழந்தைகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும், உங்கள் வேலையைக் காட்டும் ஆவணத் தொகுப்பான ஒரு போர்ட்ஃபோலியோ தயாரிக்க வேண்டும். பிறகு ஒரு தேர்வு, வகுப்பறையில் ஒரு நேரடி மதிப்பீடு. இவ்வளவுதான். ஆனால் இந்த வரிசையில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் போர்ட்ஃபோலியோவுக்கு வரும்போது திணறிப்போகிறார்கள். வேலையில் சேரும் முதல் நாளிலிருந்தே போர்ட்ஃபோலியோவுக்கான குறிப்புகளை எழுதத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இது உங்களுக்குத் தேவைதானா?

முதலில் இது எதற்கு உதவாது என்று சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் அல்லது அதற்கு மேல் வகுப்பெடுக்க சிடிஏ போதாது. அதற்குப் பட்டமும் அந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமமும் வேண்டும். அரசு நிதியில் நடக்கும், கிண்டர்கார்டனுக்கு முந்தைய ப்ரீ-கே வகுப்புகளில் முதன்மை ஆசிரியராக இருக்கவும் பல மாநிலங்கள் பட்டம் கேட்கின்றன. உங்கள் இலக்கு அதுதான் என்றால் நேராகக் கல்லூரிப் பக்கம் போவது நல்லது.

சிடிஏ கைகொடுக்கும் இடங்கள் வேறு. 1965இலிருந்து நடந்துவரும் ஹெட் ஸ்டார்ட் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ப்ரீஸ்கூல் உதவி ஆசிரியராகச் சேர சிடிஏ இருக்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டுக்குள் முடிக்கும்படி அதற்கான படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் பட்டம் இருந்தாலும் சரி. தனியார் மையங்களில் உதவியாளராக நுழைந்தவர் லீட் டீச்சராக உயரவும், பல மாநிலங்களின் உரிம விதிகள் சிடிஏவைத் தகுதியாக ஏற்கின்றன. வீட்டிலேயே டேகேர் நடத்த நினைப்பவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிறுகுழந்தைக் கல்வி குறைந்த சம்பளம் தரும் துறைகளில் ஒன்று. இது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த நாடு இன்னும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். சிடிஏ இருந்தால் மணிக்கூலியில் எவ்வளவு கூட்டித் தருவீர்கள் என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். அங்கே கூச்சம் வேண்டாம்.

விசா விஷயம்

எச்4 விசாவில் (எச்1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எச்4இல் படிக்கத் தடையில்லை. ஆகவே 120 மணி நேரப் பயிற்சியை இப்போதே முடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி கைக்கு வராமல் மையத்தில் வேலைக்குச் சேரக் கூடாது. "சம்பளம் வாங்காமல் உதவிக்குத்தானே போகிறேன்" என்று சிலர் தொடங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே கருதப்பட வாய்ப்புண்டு. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு சான்றிதழுக்காகக் குடும்பத்தின் விசா நிலையைப் பணயம் வைக்க முடியாது.

இன்னொன்று, உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள். மாநில உரிமத் துறையோ, நீங்கள் சேரும் கல்லூரியோ, அயல்நாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனத்திடமிருந்து அறிக்கை கேட்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், பணமும் ஆகும். ஊரில் இருக்கும் அசல் மார்க் ஷீட்டை அம்மாவிடம் சொல்லி அனுப்பச் செய்வதெல்லாம் முன்கூட்டியே முடியட்டும்.

எந்த வயதுக் குழந்தைகள்?

விண்ணப்பிக்கும்போது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்தது முதல் மூன்று வயது வரை இன்ஃபன்ட்-டாட்லர். மூன்று முதல் ஐந்து வயது வரை ப்ரீஸ்கூல். வீட்டில் நடத்தும் டேகேர் என்றால் ஃபேமிலி சைல்ட் கேர். குடும்பங்களின் வீட்டுக்கே போய் உதவுபவர்களுக்கு ஹோம் விசிட்டர். இங்கே நான் எழுதுவது ப்ரீஸ்கூல் பிரிவை மனதில் வைத்து. நீங்கள் தினமும் எந்த வயதுக் குழந்தைகளோடு இருக்கிறீர்களோ அந்தப் பிரிவில்தான் விண்ணப்பிக்க முடியும். ஏனென்றால் 480 மணி நேரமும் அந்த வயதுக் குழந்தைகளோடு செலவழித்ததாக இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே டைரக்டரிடம் எந்த அறையில் போடுவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கைக்குழந்தை அறை, மதியம் நான்கு வயது அறை என்று மாற்றி மாற்றி அனுப்பினால் மணிக்கணக்கு சேரவே சேராது.

மையத்துக்குள் நுழைவது

அசிஸ்டென்ட் அல்லது சப்ஸ்டிட்யூட்டாகச் சேர்வதுதான் சுலபமான வாசல். கைரேகையோடு கூடிய பின்னணிச் சோதனை கட்டாயம். பல மாநிலங்களில் காசநோய்ப் பரிசோதனையும் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவமும் கேட்பார்கள்.

எந்த மையமும் சரிவரும் என்று இருந்துவிடாதீர்கள். மாநில அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். மையத்தில் குறைந்தது பத்துக் குழந்தைகளும், அவர்களோடு வழக்கமாக இருக்கும் இரண்டு பணியாளர்களும் இருக்க வேண்டும். மதிப்பீட்டு நாளன்று மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எட்டுப் பேராவது உள்ள ஒரு குழுவை நீங்கள் லீட் டீச்சராக நடத்திக் காட்ட வேண்டும். சேர்வதற்கு முன்பே, "நான் சிடிஏ செய்யப்போகிறேன், ஒரு நாள் வகுப்பை நான் தலைமையேற்று நடத்த விடுவீர்களா?" என்று டைரக்டரிடம் கேட்டுவிடுங்கள். இதற்கு டைரக்டரின் சம்மதம் வேண்டும். தயங்குகிற டைரக்டராக இருந்தால் வேறு மையம் தேடுவது பின்னால் வரும் தலைவலியைவிட மேல்.

480 மணி நேரம் என்பது வாரம் இருபது மணி நேர வேலையில் இருபத்து நான்கு வாரம், முழுநேர வேலையில் பன்னிரண்டு வாரம். விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் முடித்த மணிகள்தான் செல்லும். பிரசவத்துக்காகவோ ஊருக்குப் போனதாலோ இடைவெளி விழுந்திருந்தால் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

120 மணி நேரப் பயிற்சி

எட்டுப் பாடப்பகுதிகள். பாதுகாப்பான, ஆரோக்கியமான கற்றல் சூழல், உடல், அறிவு வளர்ச்சி, சமூக, உணர்ச்சி வளர்ச்சி, குடும்பங்களோடு உறவு, நிர்வாகம், தொழில் அர்ப்பணிப்பு, குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தல், குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து மணி நேரம் இருந்தாக வேண்டும். அதில் எண்பது மணி போக மிச்சமுள்ள நாற்பதை எப்படி வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்த நாற்பதில் பெரும்பகுதியைக் கவனித்துப் பதிவு செய்வதற்கும் சமூக, உணர்ச்சி வளர்ச்சிக்கும் கொடுங்கள் என்பேன். வகுப்பறையில் நாள்தோறும் கைகொடுப்பவை இவைதான்.

எங்கே படிப்பது? கம்யூனிட்டி காலேஜ், தொழிற்பயிற்சிப் பள்ளி, உங்கள் பகுதியிலுள்ள சைல்ட் கேர் ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல் அலுவலகம், ஆன்லைன் நிறுவனங்கள் என்று பல வழிகள் உண்டு. மாநாட்டில் உட்கார்ந்த மணிகளும், தனிநபர் ஆலோசகர் ஒருவர் எடுத்த வகுப்பும் கணக்கில் சேராது. பணம் கட்டும் முன், "உங்கள் சான்றிதழ் சிடிஏவின் எட்டுப் பகுதிகளுக்கும் எத்தனை மணி என்று பிரித்துக் காட்டுமா?" என்று கேளுங்கள். காட்டாது என்றால் அங்கே சேராதீர்கள்.

ஆன்லைன் மலிவு, வேகம், வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆனாலும் முடிந்தவர்களுக்கு நான் கம்யூனிட்டி காலேஜைத்தான் சொல்வேன். அங்கே முடிக்கும் பாடங்களுக்குக் கிரெடிட் என்ற பாட மதிப்பு கிடைக்கும், பின்னால் அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டத்துக்குப் போக அது ஏணி. கூடவே, ஆங்கிலத்தில் எழுதிப் பழகவும், எழுதியதை ஒருவர் திருத்திக் கொடுக்கவும் வாய்ப்பு கிடைக்கிறது. போர்ட்ஃபோலியோ முழுக்க எழுத்துதான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

செலவு: பயிற்சிக் கட்டணம் தனி, கவுன்சிலுக்குக் கட்ட வேண்டிய மதிப்பீட்டுக் கட்டணம் தனி. இரண்டாவது மட்டுமே சில நூறு டாலர் ஆகும். அன்றைய தொகையைக் கவுன்சிலின் தளத்தில் பாருங்கள், பழைய வீடியோக்களில் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். சொந்தக் காசைக் கட்டும் முன் டீச் எர்லி சைல்ட்ஹுட் உதவித்தொகை உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கானது இது. செலவை உதவித்தொகை, மையம், நீங்கள் என்று பகிர்ந்துகொள்வீர்கள். பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் அந்த மையத்திலேயே தொடர ஒப்புக்கொள்ள வேண்டும். மையத்தின் டைரக்டருக்கே இது தெரியாமல் இருப்பதுண்டு. நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும்.

போர்ட்ஃபோலியோ: உண்மையான வேலை இங்கேதான்

முதலில் கவுன்சில் வெளியிடும் காம்பெடன்சி ஸ்டாண்டர்ட்ஸ் புத்தகத்தை, ப்ரீஸ்கூல் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். போர்ட்ஃபோலியோவில் என்னென்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு தகுதித் தரங்கள், அவற்றுக்குள் பதின்மூன்று செயல்பாட்டுப் பகுதிகள். உங்களை மதிப்பிட வருபவர் கையில் வைத்துப் பார்ப்பதும் அதே தரங்களைத்தான்.

போர்ட்ஃபோலியோவில் சேர்க்க வேண்டியவை: பயிற்சிச் சான்று, பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாள்கள், பொருள் தொகுப்பு, ஆறு ரிஃப்ளெக்டிவ் ஸ்டேட்மென்ட், உங்கள் தொழில் தத்துவத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு.

பொருள் தொகுப்பு எளிமையானதுதான், ஆனால் பொறுமை கேட்கும். முதலுதவி, குழந்தைகளுக்கான சி.பி.ஆர். (மூச்சும் இதயத்துடிப்பும் நின்றால் செய்யும் உயிர்காப்பு) சான்றிதழ், ஒரு வார உணவுப் பட்டியல், ஒரு வாரப் பாடத்திட்டம், அறிவியல், மொழி, கலை, கணக்கு, ஓடியாடும் விளையாட்டு, விரல் திறன் உட்பட ஒன்பது வகைச் செயல்பாடுகள், பத்துக் குழந்தைப் புத்தகங்களின் பட்டியல், குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளின் தகவல், விபத்து அறிக்கை, அவசரத் தொடர்புப் படிவம், குழந்தையைக் கவனித்து நிரப்பிய படிவம், உங்கள் மாநிலத்தின் உரிமத் துறை விவரம், குழந்தை மீதான கொடுமையைப் புகார் செய்வது பற்றிய சட்டச் சுருக்கம். சி.பி.ஆர். வகுப்பை ஆன்லைனில் பார்த்து முடித்துவிடாதீர்கள், பொம்மையின் மார்பில் அழுத்தவும் தொண்டை அடைப்பை நீக்கவும் பழகும் வகுப்பையே எடுங்கள். முழுத் திராட்சை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை உங்கள் முன்னால் மூச்சுத் திணறும் நேரத்தில் கை தானாகச் செய்ய வேண்டிய வேலை அது. உணவுப் பட்டியலில் திராட்சை இருந்தால் அதை நீளவாக்கில் நறுக்கிக் கொடுப்பதாகவும் எழுதுங்கள்.

புத்தகப் பட்டியலில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பல பண்பாடுகள், பல மொழிகள், பலவகைக் குடும்பங்கள், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள், பிரிவு, இடமாற்றம் போன்ற வாழ்க்கை மாற்றங்களைப் பேசும் புத்தகங்கள் வேண்டும் என்கிறார்கள். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்தைக் காட்டும் புத்தகம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், பக்கத்து அறை டீச்சருக்குத் தெரிந்திருக்காது.

பெற்றோர் கேள்வித்தாளை உங்கள் குழுவில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுக்க வேண்டும், பாதிக்கு மேல் திரும்பி வர வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் செய்யுங்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போக வரும் அவசரத்தில் நீட்டினால் பைக்குள் போய்த் தொலைந்துவிடும். காலையில் கொடுத்து, எதற்கென்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி, திருப்பித் தர ஒரு தேதியும் சொல்லுங்கள்.

இப்போது ரிஃப்ளெக்டிவ் ஸ்டேட்மென்டுக்கு வருவோம். ஆறு தகுதித் தரத்துக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 500 சொல். நீங்கள் வகுப்பறையில் செய்வதை ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று எழுத வேண்டும். இணையத்தில் மாதிரிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதினால் மதிப்பிட வருபவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏனென்றால் அதே ஆள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கப்போகிறார்.

ஆறில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. குழந்தைகளின் நடத்தையை நல்வழிப்படுத்துவதில் உங்கள் தத்துவம் என்ன, அது நீங்கள் சிறுவயதில் வளர்க்கப்பட்ட விதத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்கி வளர்ந்தவர்கள். "அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள். இதை எழுதலாமா, பெற்றோரைக் குறை சொன்னதாகிவிடுமா என்று தயங்க வேண்டாம். அவர்கள் அன்போடு வளர்த்தார்கள் என்பதும், அந்த முறை இந்த வகுப்பறையில் செல்லாது என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். இரண்டையும் எழுதுங்கள். அதற்கு அடுத்த வாக்கியத்தில் நீங்கள் இப்போது செய்வதைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் காரைப் பிடுங்கினால், நீங்கள் மண்டியிட்டு அவன் கண்மட்டத்துக்கு இறங்குகிறீர்கள். "உனக்கு அந்தக் கார் வேண்டும், அவன் இன்னும் முடிக்கவில்லை. அவன் முடித்ததும் தரும்படி எப்படிக் கேட்கலாம்?" என்று கேட்கிறீர்கள். நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை இப்படி எழுதிவிட்டால் அதைவிட நல்ல ஸ்டேட்மென்ட் இல்லை.

இங்கே இன்னும் சில பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நாம் ஊட்டி வளர்ப்பவர்கள். ப்ரீஸ்கூலில் நான்கு வயதுப் பிள்ளை தானே பரிமாறிக்கொள்ளட்டும், சிந்தினால் தானே துடைக்கட்டும் என்று விடுவார்கள். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். "இது என்ன கலர்?" என்று சோதிப்பதை விட்டு, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்கப் பழகுங்கள். "குட் கேர்ள்" என்பதற்குப் பதிலாக, "எல்லா பிளாக்கையும் நீயே எடுத்து வைத்துவிட்டாய்" என்று அவள் செய்ததைச் சொல்லுங்கள். சில வாரங்களில் பேச்சே மாறிவிடும், வீட்டில் சொந்தப் பிள்ளைகளோடும்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளைப் பற்றியும் எழுத வேண்டிவரும். தமிழ் பேசும் ஒருவருக்கு இதில் பிறர் சொல்லித் தர வேண்டியது அதிகமில்லை. பேசாமலே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குழந்தை மந்தமானது இல்லை, புது மொழியைக் காதால் வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் உள்ளிருந்தே அறிவீர்கள். அதை எழுதுங்கள்.

கவனித்து எழுதுவது

இந்தத் துறையின் அடிப்படைத் திறன் இது. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. "அவன் கோபமாக இருந்தான், அடம் பிடித்தான்" என்பது உங்கள் தீர்ப்பு. "10.15. சிவப்புப் பிளாக்கைத் தரையில் எறிந்தான். 'நோ' என்று இரண்டு முறை சொன்னான். மேசைக்கடியில் போய் உட்கார்ந்தான்" என்பது கவனிப்பு. இரண்டாவதைப் படித்தால் அதற்கு முன் என்ன நடந்தது, எதைத் தவிர்க்கப் பார்க்கிறான் என்று யோசிக்கத் தோன்றும். முதலாவதைப் படித்தால் பையன் மேல் எரிச்சல்தான் வரும்.

ஏப்ரன் பையில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு குழந்தை, நான்கே வரி. வாரம் முடிந்து படித்தால் அடுத்த வாரத் திட்டத்தை அந்தக் குறிப்பே சொல்லிக்கொடுக்கும். மூன்று பேர் கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாமல் இருந்தார்கள் என்று எழுதியிருப்பீர்கள். சரி, அடுத்த வாரம் காகிதம் கிழிக்கும் செயல்பாடு, அப்புறம் கத்தரிக்கோல். மதிப்பீட்டாளர் "இந்தச் செயல்பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது உங்களிடம் விடை இருக்கும். போர்ட்ஃபோலியோவில் வைக்கும்போது குழந்தையின் பெயர் வெளியே தெரியக் கூடாது, மறக்க வேண்டாம்.

விண்ணப்பமும் தேர்வும்

எல்லாம் தயாரானதும் கவுன்சிலின் ஆன்லைன் கணக்கில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். ஏற்கப்பட்டதும் தேர்வுக்கும் நேரடி மதிப்பீட்டுக்கும் தேதி குறிக்கலாம். எது முதலில் என்பது உங்கள் விருப்பம். இரண்டையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

தேர்வு பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில், கணினியில். 65 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை, ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். ஐந்து கேள்விகள் படத்தோடும் ஒரு சூழ்நிலையோடும் வரும். ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ எழுதலாம். நேரம் போதும், பதற்றம் வேண்டாம். மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு இல்லை இது. உதாரணமாக, கட்டிய கோபுரம் இடிந்து நான்கு வயதுக் குழந்தை அழுகிறது, டீச்சர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "அழாதே, ஒன்றும் ஆகவில்லை" என்பதும் சரியில்லை, டீச்சரே கட்டிக் கொடுப்பதும் சரியில்லை. அருகில் போய் அதன் ஏமாற்றத்தைச் சொல்லில் சொல்லி, மறுபடி எப்படிக் கட்டலாம் என்று சேர்ந்து யோசிப்பதுதான் விடை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வியில் மட்டும் முதலில் குழந்தையைக் காப்பாற்றுவது, மற்றதெல்லாம் பிறகு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கும் நமக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

மதிப்பீட்டு நாள்

வருபவரை புரொஃபஷனல் டெவலப்மென்ட் ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள். கவுன்சிலின் பயிற்சி பெற்றவர். உங்கள் மேலதிகாரியாகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது. மூன்று வேலைகள் நடக்கும்: போர்ட்ஃபோலியோவைப் படிப்பார், இரண்டு மணி நேரம் நீங்கள் வகுப்பு நடத்துவதைப் பார்ப்பார், பிறகு உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குப் புதிதாக எதையும் திட்டமிடாதீர்கள். மினுமினுப்புத் தூள், எரிமலைப் பரிசோதனை எல்லாம் குழந்தைகளைக் கிளப்பிவிடும். அவர்களுக்குப் பழக்கமான வழக்கமான நாளே போதும். வட்டமாக உட்காருவது, விளையாட்டு நேரம், கை கழுவுவது, சிற்றுண்டி. அவர் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களைத்தான். எல்லாக் குழந்தைகளும் கண்ணில் படும் இடத்தில் நிற்கிறீர்களா, கை இருபது நொடி கழுவப்படுகிறதா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் முன்னறிவிப்பு கொடுக்கிறீர்களா, ஒதுங்கி நிற்கும் குழந்தையிடம் போகிறீர்களா. அன்று ஒரு குழந்தை கடிக்கும், ஒன்று பாலைக் கொட்டும். அதைப் பார்த்து நொந்துபோக வேண்டாம். நீங்கள் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பேச்சின்போது உங்கள் பலம் என்ன, எதில் இன்னும் வளர வேண்டும் என்று கேட்பார்கள். நம்மில் பலர் இங்கே அடக்கமாக "பெரிதாக ஒன்றுமில்லை" என்று நிறுத்திவிடுகிறோம். இங்கே அடக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. "பிரிவு வருத்தத்தோடு வரும் குழந்தையை நான் நன்றாக அமைதிப்படுத்துகிறேன்" என்று ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள். வளர வேண்டியதையும் அதேபோல் குறிப்பாகச் சொல்லி, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு அவர் கையில் இல்லை. தேர்வு, மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக் கவுன்சில்தான் முடிவெடுக்கும்.

கிடைத்த பிறகு

சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். காலாவதி ஆகும் முன் புதுப்பிக்க வேண்டும். 45 மணி நேரப் புதுப் பயிற்சி அல்லது மூன்று கிரெடிட் கல்லூரிப் பாடம், அதே வயதுக் குழந்தைகளோடு அண்மையில் 80 மணி நேர வேலை, நடப்பில் உள்ள முதலுதவிச் சான்று, ஒரு தொழில் சங்கத்தில் உறுப்பினர் என்ற ஆதாரம், ஒரு பரிந்துரை ஆகியவற்றைக் கேட்பார்கள். தேதி தவறிப்போனால் முதலிலிருந்து செய்ய வேண்டிவரலாம் என்பதால், காலாவதிக்கு ஆறு மாதம் முன்பு ஒரு நினைவூட்டலை இப்போதே போனில் போட்டுவிடுங்கள்.

அடுத்து பட்டம் படிக்க ஆசை இருந்தால், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சிடிஏவுக்கு எத்தனை கிரெடிட் தருவீர்கள் என்று கேளுங்கள். பல கல்லூரிகள் தருகின்றன, எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது போர்ட்ஃபோலியோவின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.